கோபர் கேஸ் தொட்டி, எட்டு வருஷம்: அடுப்பு சரி, புழு போச்சா?

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் தினம் 2 கன மீட்டர் கேஸ் தரும் தீனபந்து தொட்டி (பூமிக்குள் கட்டும் குவிமாட வகை) போட்டு எட்டு வருஷம் ஆகிறது. நாலு கறவை மாடு, ஒரு எருமை, பத்துப் பன்னிரண்டு வெள்ளாடு. அடுப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தினம் 50 கிலோ சாணம் கரைத்து ஊற்றினால் ஐந்து பேருக்குச் சமையல் ஆகிவிடுகிறது, சிலிண்டர் விருந்தாளி வந்தால்தான். நான் எழுத வந்தது வேறு. "கேஸ் எடுத்த சாணியில புழு, முட்டை எதுவும் மிஞ்சாதுங்க" என்று சொல்லித்தான் தொட்டி கட்டினவர் எனக்குக் கட்டிக்கொடுத்தார். அதில் பாதிதான் உண்மை.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈ குறைந்தது கண்கூடு. குப்பைமேடு இருந்த காலத்தில் மழை விட்ட நாலாம் நாள் மேட்டைக் கிளறினால் வெள்ளை வெள்ளையாக ஈப்புழு நெளியும், கட்டுத்தரையில் நின்று பால் பீய்ச்ச முடியாது. தொட்டியிலிருந்து வரும் குழம்பில் ஈ அவ்வளவாக உட்காருவதில்லை. அதேபோல ஆடுகளின் ரத்தத்தை உறிஞ்சும் வயிற்றுப்புழு. அதன் முட்டை பொரிக்கக் காற்று வேண்டும். தொட்டிக்குள் காற்றே கிடையாது, வாரக்கணக்கில் உள்ளே கிடந்தால் வீணாகிப்போகும். ரத்தக்கழிச்சல் கிருமிக்கு முட்டை மாதிரி ஒரு கூடு உண்டு, அதுவும் காற்றில்லாமல் முற்றாது. ஆட்டுப் புழுக்கையை மட்டும் அப்படியே கொட்டாதீர்கள். மிதந்து மேலே ஆடை கட்டிக்கொள்ளும். நான் முதல் நாளே ஊறவைத்து, மறுநாள் காலில் மிதித்துக் கரைத்துத்தான் ஊற்றுகிறேன். உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது முட்டை வைப்பது சுவர் விரிசலிலும் தரை இடுக்கிலும்.

மூன்றாம் வருஷம்தான் பாடம் படித்தேன். எருமைக் கன்று, 25 நாள்கூட ஆகவில்லை. வயிறு பானையாக உப்பியிருந்தது, ரோமம் சிலிர்த்து நின்றது, களிமண் நிறத்தில் கழிந்தது. கிட்டே போனால் வாயிலிருந்து கெட்டுப்போன வெண்ணெய் மாதிரி ஒரு வாடை. சாணத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனேன். உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுப் பார்த்துவிட்டு, என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். தோல் முழுக்கக் குழி குழியாக, உருண்டை உருண்டையாக முட்டைகள். கன்றுகளுக்கு வரும் உருண்டைப்புழு.

"கன்னுக்கு இன்னும் புல்லே போடலீங்களே, எப்படிங்க வந்துச்சு?" என்றேன்.

"தாய்ப்பால்ல வருதுங்க. குழம்பை எங்க விடறீங்க?"

கோ-4 தீவனப்புல்லுக்கு வாய்க்காலோடு விடுவதைச் சொன்னேன். அப்புறம் அவர் விளக்கினார். மண்ணில், புல்லில் இருக்கும் முட்டையை எருமை தின்றால் குஞ்சுப்புழு அதன் சதைக்குள் போய்ப் பேசாமல் படுத்துக்கொள்ளும். கன்று போடும் சமயம் கிளம்பி மடிக்கு வரும், பால் வழியாகக் கன்றுக்குள் போகும். மூன்று வாரத்தில் கன்றே முட்டை கொட்ட ஆரம்பித்துவிடும். அந்தக் கன்றின் சாணத்தை நான் தினமும் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். பழி முழுக்கத் தொட்டி மேல் என்று சொல்ல முடியாது, கட்டுத்தரை மண்ணிலும் இருந்திருக்கும். ஆனால் அந்தச் சுற்றை நானே ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது.

உருண்டைப்புழு முட்டையின் ஓடு கெட்டி. 55 டிகிரி சூடு சில மணி நேரம் பட்டால் செத்துவிடும், ஆனால் 30 டிகிரிக்கு மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். எங்கள் தொட்டி பூமிக்குள் இருக்கிறது. வெளியேறும் குழம்பில் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தால் சித்திரையில் 31, மார்கழி விடியலில் 25. இந்தச் சூட்டில் கேஸ் வரும், அந்த முட்டை சாகாது. ஐரோப்பாவில் இறைச்சிக்கூடக் கழிவு சேரும் ஆலைகளில் 70 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் வீட்டுத் தொட்டியில் அதெல்லாம் ஆகிற காரியமில்லை. கழிப்பறையைத் தொட்டியோடு இணைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், மனிதர் வயிற்று உருண்டைப்புழு முட்டைக்கும் இதே கெட்டி ஓடுதான்.

இன்னொரு தப்பும் அப்போதுதான் தெரிந்தது. வேலை மிச்சம் என்று கட்டுத்தரை கழுவும் தண்ணீரையும் குழாய் போட்டுத் தொட்டிக்கே விட்டிருந்தேன். கணக்கு இதுதான்: 50 கிலோ சாணம், 50 லிட்டர் தண்ணீர், ஆக நாளுக்கு 100 லிட்டர். குழம்பு கொள்ளும் இடம் 4000 லிட்டர் என்றால் 40 நாள் உள்ளே நிற்கும். கழுவுத் தண்ணீர் 100 லிட்டர் கூடச் சேர்ந்தால் 20 நாளில் வெளியே வந்துவிடும். சாக வேண்டிய முட்டைகூடத் தப்பிக்கும். ஒருநாள் ஃபினாயில் ஊற்றிக் கழுவிய தண்ணீரும் போய், ஏறக்குறைய இரண்டு வாரம் கேஸே வரவில்லை. வீட்டில் வாங்கிய பேச்சு தனிக்கதை. குழாயைப் பிடுங்கித் தென்னைக்குத் திருப்பிவிட்டேன்.

இப்போதைய ஏற்பாடு ஐந்து வருஷமாக ஓடுகிறது. ஆறு மாதம் வரை கன்றுச் சாணம் தொட்டிக்குப் போவதில்லை, நேரே மட்குக் குழிக்கு. குழம்பு புல்லுக்கு நேராகப் போவதில்லை. தென்னைச் சருகு, மட்டை நறுக்கு, மாடு தின்று கழித்த தீவனத்தட்டு எல்லாம் போட்டு அதன்மேல் குழம்பை ஊற்றி இடுப்பளவு குவிக்கிறேன். நாலைந்து நாளில் சூடு ஏறும். கடப்பாரையை நடுவில் குத்தி கால் மணி கழித்து உருவினால், முனையைக் கையில் பிடிக்க முடியக் கூடாது. அதுதான் என் அளவு, தெர்மாமீட்டரில் 58 வரை பார்த்திருக்கிறேன். ஓரம் அவ்வளவு சுடாது. அதனால் பதினைந்தாம் நாள் ஓரத்தில் இருப்பதை உள்ளே தள்ளிக் கிளறிவிடுகிறேன், இன்னொரு பதினைந்து நாள் கழித்து மறுபடியும். கிளறாமல் விட்டால் பாதி வேலைதான். மழைக்காலத்தில் குவியல் நனைந்து சூடு ஏறாது, அப்போது தார்ப்பாய். இதில் உழைப்பு ஜாஸ்தி, ஒளிக்கவில்லை. குழம்பை வாய்க்காலில் விடுகிற சுகமே தனி.

ஆறாம் வருஷம் தொட்டியைக் காலிசெய்தோம். அடியில் முழங்கால் அளவு மண்ணும் கசடும். அந்தக் கசடையும் மேலே வரும் குழம்பையும் தனித்தனியாகப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்ததில் கசடில்தான் முட்டை அதிகம். கனமான முட்டை, அடியில் போய்ப் படிந்துவிடுகிறது. தினசரிக் குழம்பு கொஞ்சம் சுத்தமாக இருப்பதற்கும் அதுவே காரணம். கசடை வயலில் வீசாமல் சருகோடு சேர்த்து மக்கவைத்தோம். ஒரு விஷயம்: காலிசெய்யும்போது யாரையும் உள்ளே இறக்காதீர்கள். உள்ளே நிற்கும் வாயு ஆளைச் சாய்த்துவிடும். நாங்கள் மேலே நின்று மோட்டார் விட்டும் நீளக் கழியில் வாளி கட்டியும்தான் எடுத்தோம்.

கன்றுகளுக்குப் பத்தாம் நாள் வாக்கில் குடற்புழு மருந்து தவறாமல் போகிறது, பெரிய மாடுகளுக்கு மருத்துவர் சொல்கிறபடி. வருஷம் இரண்டு தடவை சாணம் கொடுத்துப் பார்க்கிறேன். புழு அடியோடு போய்விடவில்லை, போன தடவையும் ஆட்டில் கொஞ்சம் இருந்தது. ஆனால் அந்த எருமைக்கு அப்புறம் பிறந்த மூன்று கன்றுக்கும் வயிறு உப்பவில்லை. ஐப்பசியில் மறுபடி கன்று போடும். மருந்து பாட்டில் வாங்கி வைத்தாயிற்று, சாணி டப்பாவைத்தான் வீட்டில் ஊறுகாய் போட எடுத்துவிட்டார்கள்.