22 வருடமா, 55 வயதா?

2013இல் நான் இலங்கை விமானப்படையில் சேர்ந்தபோது வயது 20. அதே மாதம், கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து வீட்டு நண்பன் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பனியில் கணக்கெழுதப் போனான். அவனுக்கு ஒழுங்கையே கூடிக் கேக் வெட்டியது. என்னிடம் அம்மா கேட்டது ஒன்றுதான்: "மகன், கொழும்பில் வேறு வேலையே இல்லையா?" போர் முடிந்து நான்கே வருடம். தமிழ்ப் பையன் சீருடை மாட்டினால் அந்த ஒரு கேள்விக்குள் பத்துக் கேள்விகள் இருக்கும்.

சம்பளத்தில் அவன்தான் முன்னால். எனக்குச் சாப்பாடும் தங்குமிடமும் மருத்துவமும், அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை. கட்டளைகள் சிங்களத்தில்தான் வரும், கொழும்பில் வளர்ந்தவனுக்கு அது பாரமில்லை.

என்னை இழுத்தது ஓய்வூதியம். அதிகாரியாக அல்லாமல் சேர்ந்தவனுக்கு 22 வருடச் சேவை முடிந்தால் மாதாமாதம் பணம் வரும். எனக்கு அது 2035இல், 42 வயதில். நண்பனின் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, கம்பனி 12 வீதம் சேர்த்து, ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியில் போடுகிறது. ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு சேமிப்புக்குக் கம்பனி மேலும் 3 வீதம் கட்டுகிறது. நல்ல தொகைதான். ஆனால் சேமலாப நிதியை ஆண்கள் முழுதாக எடுக்கப் பொதுவாக 55 வயதாக வேண்டும், அதுவும் ஒரே தொகையாக வரும். போதாததற்கு, 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது அந்த நிதி வைத்திருந்த பிணைமுறிகளிலும், அதாவது அரசுக் கடன் பத்திரங்களிலும், கைவைத்தார்கள். அதற்கு முந்தைய வருடம், பொருளாதார நெருக்கடியில், அவனுக்கு மூன்று மாதம் அரைச் சம்பளம். என் சம்பளம் முழுதாக வந்தது. அரிசி விலைதான் அதைத் தின்றது.

இதில் என் பக்கத்து ஓட்டையையும் சொல்லவேண்டும். அவன் மூன்று கம்பனி மாறிவிட்டான், நிதி அவன் பின்னாலேயே போனது. எனக்கு 21ஆவது வருடத்தில் அலுத்துப்போனால் ஓய்வூதியம் இல்லை. அவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் விலகல் கடிதம் கொடுக்கலாம். நான் அனுமதி கேட்டுக் காத்திருக்கவேண்டும், கேட்காமல் போனால் குற்றம். இராணுவத்தை 2030க்குள் 1,00,000 பேராகக் குறைப்போம் என்று 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். எங்கள் படையைப் பற்றிய பேச்சல்ல அது; ஆனாலும் அன்று எங்கள் மேசையில் தேநீர் ஆறிப்போனது.

இத்தனைக்கும் நான் இன்னும் ஒரு சதம் ஓய்வூதியம் வாங்கியவனல்லன். 42 வயதில் வெளியே வந்து என்ன வேலை தேடுவேன் என்பதும் இனிமேல் பார்க்கவேண்டியது.

போன மாதம் நண்பன் தன் தம்பிக்காக விண்ணப்பப் படிவம் பற்றி விசாரித்தான். பையனுக்கு 19 வயது. 41 வரை எண்ணிப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். இன்னும் வரவில்லை.