மலைநாட்டு வீட்டில் ரீஃப் தொட்டி: ஹாமரா, டார்ச்சா, அக்ரோபோராவா, கிளாமா?

கொழும்பில் ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி, வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு நீரைக் குளிர்விக்கும் சில்லரில்தான் தொடங்கும். பவளத்துக்கு 25, 26 பாகை வேண்டும், அங்கே வீட்டுக்குள்ளேயே 30. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் இருக்கிற நமக்கு அந்தச் செலவு இல்லை. பதிலுக்கு வேறொன்று இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகைதான். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனியே விழுகிறது. அதனால் ஒரு பவளம் எவ்வளவு அழகு என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். இரவு கரண்ட் போய் ஹீட்டரும் பம்பும் நின்றால், காலையில் எது உயிரோடு இருக்கும்? 2022-இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைப் பார்த்த நாட்டில் இந்தக் கேள்விக்குத்தான் முதலிடம்.

கல் எலும்பு இல்லாத மென்பவளங்கள் இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடும். ஸோவா, மஷ்ரூம், டோட்ஸ்டூல் லெதர் எல்லாமே சுருங்கிக்கொண்டு கிடந்துவிட்டு, சூடு திரும்பியதும் விரியும். டோட்ஸ்டூல் சில சமயம் காரணமே இல்லாமல் நாட்கணக்கில் மூடிக்கொண்டு, மேலே மெழுகு பூசியது போல ஒரு படலத்தைக் கழற்றிப் போடும். செத்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிட வேண்டாம், தோல் உரிக்கிறது, அவ்வளவுதான். ஸீனியா கைவிரலை மூடித் திறப்பது போல அசைவது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதற்குப் பிடித்துப்போனால் தொட்டி முழுக்க அதுதான். தனிக் கல்லில் ஒதுக்கி வையுங்கள். ஸோவாவில் ஒரு எச்சரிக்கை உண்டு: அந்த இனத்தில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஸோவா ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போடுவதோ வெறுங்கையால் தேய்ப்பதோ கூடாது. ஆவியை மூச்சில் இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள்.

மென்பவளத்தோடு நிறுத்திக்கொள்ள யாருக்கும் மனம் வராது. அடுத்தது ஹாமரும் டார்ச்சும், கல் எலும்பில் சதைக் கைகள் ஆடும் பவளங்கள். கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பத்தில் ஒன்பது பேர் டார்ச்சைத்தான் காட்டுவார்கள். நீளமான கைகள், நுனியில் மட்டும் வேறு நிறம், நீரோட்டத்தில் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும். நானும் பார்ப்பதற்கு டார்ச் கட்சிதான். ஆனால் வாங்குவது ஹாமரை. முதல் காரணம், டார்ச் அக்கம்பக்கத்தைச் சுட்டுவிடும். ஹாமரும் அதன் உறவான ஃப்ராக்ஸ்பான் பவளமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வளரும், டார்ச்சை நடுவில் வைத்தால் அவை இரண்டும் காலி. சிறிய தொட்டியில் அந்த இடைவெளிக்கு எங்கே போவது? இரண்டாவது, பிரவுன் ஜெல்லி. தலை ஒன்றில் பழுப்பு நிறக் கூழ் தோன்றி ஒரே இரவில் சதை கரைந்துவிடும் நோய் இது. இரண்டுக்குமே வரும், ஆனால் என் அனுபவத்தில் பயணக் களைப்போடு வரும் டார்ச்சில்தான் இதை அதிகம் பார்க்கிறேன்.

ஹாமரிலும் கிளை வகை, சுவர் வகை என்று இரண்டு. சுவர் வகை ஒரே நீளமான மடிப்பு, ஒரு முனையில் நோய் பிடித்தால் மறுமுனை வரை போகும். கிளை வகையில் ஒவ்வொரு தலையும் தனித்தனி எலும்பில் நிற்கிறது. கெட்ட தலையை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம். இன்னொரு லாபம், வளர்ந்தபின் இரண்டு தலையை வெட்டிப் பண்டாரவளையில் இருக்கிற நண்பருக்குக் கொடுத்து, அவரிடமிருந்து வேறு நிறத்தில் இரண்டு வாங்கலாம். கடை இல்லாத ஊரில் பொழுதுபோக்கு இப்படித்தான் ஓடுகிறது.

அக்ரோபோரா என்ற கிளைக் கற்பவளத்தைப் பற்றி ஆசையாகக் கேட்பவர்கள் உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன்: மலையில் வேண்டாம். கார அளவு 8-இலிருந்து 9 டிகேஎச்சுக்குள் ஆடாமல் நிற்க வேண்டும், கல்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் அருகில் இருக்க வேண்டும், வெளிச்சம் கடுமையாக வேண்டும். இதையெல்லாம் செய்துவிடலாம். பம்ப் நின்றால் என்ன செய்வது? அடர்ந்த கிளைகளுக்கு நடுவே ஓட்டம் நின்றதும் மூச்சு முட்டிவிடும். அதோடு இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, நீரில் கரையும் ஒட்சிசனும் அதே விகிதத்தில் குறைவு. கையிருப்பே கொஞ்சம்தான். கிளைப் பவளம் கட்டாயம் வேண்டுமென்றால் மொண்டிபோரா டிஜிடாட்டா போதும், தவறுகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

இப்போது கிளாம். ராட்சத மட்டி இனத்தில் வீட்டுத் தொட்டிக்குப் பெரும்பாலும் வருபவை நான்கு: குரோசியா, மாக்ஸிமா, ஸ்குவமோசா, டெராசா. கண்ணைப் பறிப்பது முதல் இரண்டும்தான். நீலம், ஊதா, பச்சைப் புள்ளிகள், மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு கோணத்திலும் நிறம் மாறும். ஆனால் இரண்டுக்கும் வெளிச்சப் பசி அதிகம். குரோசியா கல்லையே குடைந்து உட்காரும், மாக்ஸிமா கல்லில் நார் விட்டுப் பிடித்துக்கொள்ளும். அந்த நாரைப் பிய்த்து எடுத்த கிளாம் பெரும்பாலும் பிழைக்காது. வாங்கினால் ஒட்டியிருக்கும் கல்லோடு வாங்க வேண்டும். டெராசாவும் ஸ்குவமோசாவும் மணலிலேயே உட்காரும், நடுத்தர வெளிச்சமே போதும். ஸ்குவமோசாவின் ஓட்டில் மடல் மடலாக விளிம்புகள் இருக்கும், டெராசாவின் ஓடு வழவழப்பு.

என் தேர்வு டெராசா. நிறத்தில் அது பின்தங்கியதுதான், பழுப்பு மஞ்சளில் நீலக் கோடு, அவ்வளவே. ஆனால் பசிபிக் தீவுகளில், குறிப்பாகப் பலாவுவில், பண்ணையில் வளர்த்து அனுப்புகிறார்கள். தொட்டி வாழ்க்கைக்குப் பழகி வருவதால் தாங்குகிறது. நீரில் கழிவாகச் சேரும் நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்வது கூடுதல் வரவு. குறைகளையும் சொல்லிவிட வேண்டும். வேகமாக வளரும், கடலில் 60 சென்ரிமீற்றர் வரை போகும். 2 அடித் தொட்டிக்காரர்கள் இதை மறந்துவிட்டு மாக்ஸிமாவைப் பார்ப்பது நல்லது. ஹாமர் போல வெட்டிப் பகிரவும் முடியாது. செத்தால் அந்தச் சதை முழுக்க அழுகி மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும், அதனால் விளிம்பு உள்ளே மடங்கியிருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான கிளாம் உங்களைப் பார்க்கும். மேல் சதை விளிம்பில் நூற்றுக்கணக்கில் சிறு கண்கள் இருக்கின்றன. கையை மேலே கொண்டுபோனால் நிழல் பட்டதும் வெடுக்கென்று ஓட்டை ஒடுக்கும். கடையில் கிளாம் வாங்கும்போது இந்த நிழல் சோதனையைச் செய்யாமல் காசு கொடுக்காதீர்கள். இரவில் டார்ச்லைட் அடித்து அடிப்பாகத்தையும் பாருங்கள், அரிசி அளவில் வெள்ளை நத்தைகள் இருந்தால் அவை கிளாமை உறிஞ்சிக் குடிக்கும் ஒட்டுண்ணிகள்.

கிளாமுக்கும் பவளத்துக்கும் பொது எதிரி செம்பு. தேயிலையில் கொப்புள நோய் 1946-இல் இலங்கைக்கு வந்ததிலிருந்து செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லிதான் வழக்கமான மருந்து. ஊற்று நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மேலே தேயிலை மலை இருந்தால் கரைந்த உப்பையும் உலோகத்தையும் நீக்கும் ஆர்ஓ, டிஐ வடிகட்டி இல்லாமல் தொட்டிக்கு ஊற்றாதீர்கள். மீனுக்கு ஒன்றும் ஆகாத அளவே கிளாமைக் கொன்றுவிடும்.

நீர் எவ்வளவு குறைகிறது என்பதும் கொழும்புக்காரருக்குப் புரியாது. 25 பாகை நீரும் 14 பாகைக் காற்றும் சந்தித்தால் மழைக்காலத்திலும் ஆவி பறக்கும், ஜன்னலில் வழியும். உப்பளவு ஏறிவிடும், நன்னீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேலே கண்ணாடி மூடி போட்டு ஓரத்தில் இடைவெளி விட்டால் நீரும் சூடும் மிச்சம். கடலோரத்தில் சூட்டுக்காகத் திட்டு வாங்கும் மெற்றல் ஹாலைட் விளக்கு இங்கே பாதி ஹீட்டர் வேலையைப் பார்க்கிறது. கரண்ட் பில்லைப் பார்த்து எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, கல்லுக்கா இவ்வளவு?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

ஹீட்டரில் லிட்டருக்கு 1 வாட் என்ற வழக்கமான கணக்கு ஹட்டனில் ஒப்பேறும். நுவரெலியாவில் இரட்டிப்பாக வைத்து, ஒரே பெரியதாக இல்லாமல் இரண்டு சிறியதாகப் பிரித்துப் போடுங்கள். ஒன்று பழுதானால் மற்றது தாங்கும். மின்வெட்டில் இன்வர்ட்டரை ஹீட்டருக்குச் செலவழிக்க வேண்டாம், அது பம்புக்கு. சூட்டுக்குத் தொட்டியைச் சுற்றி ரெஜிபோம் பலகையும் கம்பளியும் போதும்.

அப்புறம் வாங்குவது. நம் கடலில் பவளத்தை உடைத்து எடுப்பது சட்டப்படி குற்றம், ஹிக்கடுவையிலிருந்து கொண்டுவந்தது என்று யாராவது காட்டினால் நடையைக் கட்டுங்கள். கற்பவளமும் கிளாமும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளவை, இறக்குமதிக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். கடைக்காரரிடம் அதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். பையைக் கட்டும்போது காற்றைக் கொஞ்சம் குறைத்துக் கட்டச் சொல்லுங்கள். கொழும்பில் இறுக்கிக் கட்டிய பை நானுஓயா வந்து சேரும்போது காற்று ஐந்தில் ஒரு பங்கு விரிந்து உப்பி நிற்கும், ரப்பர் வளையம் தளர்ந்தால் பெட்டிக்குள் உப்புநீர்தான். பெட்டியில் கிளாமை அடியில் நிமிர்த்தி வைத்து, ஹாமரைத் தனிப் பையில் போட்டு, ரயிலில் ஜன்னல் பக்கம் இல்லாமல் உள்ளே வைத்துக் கொண்டுவாருங்கள்.