ஆர்கோ மிதவையா, ஆய்வுக் கப்பலா?

கடலைப் பற்றிய தரவுக்கு எதை நாடுவது என்று கேட்கும், கொழும்பில் கடலியல் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு என் பதில், முதலில் ஆர்கோ என்ற தானியங்கி மிதவை. 1000 மீற்றர் ஆழத்தில் மிதந்து, 10 நாளுக்கு ஒருமுறை 2000 மீற்றர் வரை இறங்கி, மேலே வரும்போதே வெப்பநிலையும் உப்புத்தன்மையும் அளந்து செய்மதிக்கு அனுப்பிவிடும். தரவு எல்லாருக்கும் இலவசம், தென்மேற்குப் பருவக் கொந்தளிப்பிலும் வேலை நிற்காது. ஆனால் பாக்கு நீரிணை மாதிரி ஆழம் குறைந்த கடலுக்கு அது சரிவராது, மீனையும் சேற்றையும் அள்ளித் தராது. அதற்குக் கப்பல்தான் வேண்டும். 2018இல் நன்சன் என்ற நோர்வே ஆய்வுக் கப்பல், மட்டக்குளி காக்கைதீவிலுள்ள நாரா என்ற நம் அரச நீர்வள ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து நம் கடலின் மீன்வளத்தை அளந்தது; அப்படிப் பயணம் எப்போதாவதுதான் வாய்க்கும், செலவும் பெரிது. அப்புறம், ஆர்கோ தரவை எடுத்தால் ஒவ்வோர் அளவீட்டின் தரத்தைச் சொல்லும் எண்ணான தரக்குறியீட்டைக் கட்டாயம் பாருங்கள்: 1 என்றால் நல்லது, 4 என்றால் தொடவே வேண்டாம்.