மன்னர்களின் நோய்களை ஆராயும் மாலை வகுப்பு: ஒரு மதிப்புரை

எழும்பூரில் சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களுக்காகக் கட்டண வகுப்பு ஒன்று நடைபெறுகிறது. வரலாற்றில் வாழ்ந்த அரசர்களை வாட்டிய நோய்கள் எவையாக இருந்திருக்கும் என்பதை ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் இன்றைய மருத்துவ அறிவைக் கொண்டு அதில் விளக்குகிறார். இத்துறையில் வியப்பூட்டும் ஊகங்களுக்குப் பஞ்சமில்லை என்பதால், சான்று எவ்வளவு உறுதியானது என்பதை அவர் எந்த அளவுக்கு எடுத்துச் சொல்கிறார் என்பதையே நான் முதன்மையாகக் கவனித்தேன்.

உடல் எச்சம் கிடைத்த இடங்களில் வகுப்பு மிகச் சிறப்பாக அமைந்துள்ளது. இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012இல் லெஸ்டர் நகரில் கார் நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் கண்டெடுக்கப்பட்டது. அவருடைய முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது உண்மையே என்றாலும், ஷேக்ஸ்பியரின் நாடகம் நமக்குக் காட்டிய சூம்பிய கைக்கு எலும்பில் சான்று இல்லை என்பதை மருத்துவர் படங்களுடன் நிறுவினார். இடுப்புப் பகுதி மண்ணில் உருண்டைப்புழு முட்டைகள் இருந்ததையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை.

எனினும் வகுப்பின் உச்சம் பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜ் மன்னரைப் பற்றிய மாலைதான். அவருடைய மனக்கலக்கத்துக்குப் போர்ஃபிரியா என்னும் பரம்பரை நோயே காரணம் என்று மனநல மருத்துவர்களான ஐடா மெக்கல்பைன், ரிச்சர்ட் ஹண்டர் ஆகியோர் 1966இல் முன்வைத்த கருத்து, அந்நோயைத் தூண்டக்கூடிய ஆர்சனிக் என்னும் நஞ்சு அவருடைய தலைமுடியில் மிகுதியாக இருப்பதாக 2005இல் வெளியான ஆய்வினால் வலுப்பெற்றதையும், பின்னர் வந்த ஆய்வாளர்கள் அதே மருத்துவக் குறிப்புகளை மறுபடி படித்து, அது இருமுனை மனநோயாக இருக்கலாம் என்று வாதிட்டதையும் மருத்துவர் படிப்படியாக விரித்துரைத்தார். எந்தக் கருத்தையும் முடிந்த முடிவாக அவர் திணிக்கவில்லை. ஒவ்வொரு அறிகுறியும் எந்தக் குறிப்பிலிருந்து பெறப்பட்டது என்பதைக் காட்டிவிட்டே அடுத்ததற்குச் சென்றார்.

அந்த நிதானம் கூன் பாண்டியனிடம் வந்தபோது இல்லாமல் போனது எனக்கு உண்மையாகவே வருத்தமளித்தது. பெரியபுராணம் சொல்லும் பாண்டியனின் வெப்பு நோயையும் (கடும் காய்ச்சல்) கூனையும் இணைத்து, அது முதுகெலும்புக் காசநோய்தான் என்று அவர் உறுதிபடக் கூறினார். ஏழாம் நூற்றாண்டு மன்னனைப் பற்றிப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடிய சேக்கிழாரின் நோக்கம் திருஞானசம்பந்தரின் பெருமையையும் திருநீற்றின் மகிமையையும் சொல்வதே. அங்கே எலும்பும் இல்லை, உடனிருந்து பார்த்தவரின் குறிப்பும் இல்லை. பக்தி இலக்கியத்தை நோயாளியின் கேஸ் ஷீட்டாகப் படிப்பது மருத்துவத்துக்கும் நியாயம் செய்யாது, பெரியபுராணத்துக்கும் நியாயம் செய்யாது.

நம் மண்ணில் உறுதியான ஆவணமே இல்லையா என்றால், இருக்கிறது. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகள், வண்ணத்தில் வரையப்பட்ட கண் ஓவியங்களுடன் சரஸ்வதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன; சென்னைக் கண் மருத்துவர்களே அவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அவை மன்னரின் சொந்த நோயைப் பற்றியவை அல்ல என்றாலும், சிகிச்சை நடந்த காலத்திலேயே எழுதப்பட்ட குறிப்பு எவ்வளவு பேசும் என்பதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. இதற்குச் சில நிமிடங்களே ஒதுக்கியது பெருங்குறை. ஒரு முழு மாலையையே தந்திருக்கலாம்.

அரங்கின் ஒலியமைப்பு நன்று. திரையில் வரும் படவிளக்கங்கள் முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழில் ஓர் அச்சுக் குறிப்பு கொடுத்தால் உதவியாக இருக்கும். மருத்துவ மாணவர்களுக்கும் வரலாற்று ஆர்வலர்களுக்கும் இவ்வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். தனித்தனி மாலைகளுக்கும் முன்பதிவு செய்யலாம் என்பதால், ஒரே ஒரு மாலைக்கு மட்டும் நேரமுள்ளவர்கள் மூன்றாம் ஜார்ஜ் பற்றியதைத் தேர்ந்தெடுக்கலாம்.