இலவச சாண்ட்பாக்ஸுக்கு ‘லைசென்ஸ்’ பில்: கடலூர், பாண்டிச்சேரி வியாபாரிகள் கவனிக்க

கடலூர், பாண்டிச்சேரி வட்டாரத்தில் சின்னக் கடை, மண்டி, ஆடிட்டர் ஆபீஸ் என்று எதையாவது நடத்திக்கொண்டு மெயிலில் வியாபாரம் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். “சாண்ட்பாக்ஸ் போட்டுத் தர்றோம், இனி வைரஸ் பயமே வேண்டாம்” என்று சர்வீஸ் கடை ஆட்கள் வந்து நின்றால், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சாண்ட்பாக்ஸ் என்றால், ஒரு புரோகிராம் கம்ப்யூட்டரில் வேறெதையும் மாற்றிவிடாதபடி தனிப் பெட்டிக்குள் ஓடவைக்கும் ஏற்பாடு. கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கும் நேரத்தில் பெயரை வெளியே இழுக்க வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார்.

மாமாவுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் முந்திரி வியாபாரம். பண்ருட்டிப் பக்கம் உடைத்து வரும் பருப்பைத் தரம் பிரித்து, 10 கிலோ டின்னில் அடைத்து வடக்கே அனுப்புகிறார். ஆர்டர், விலை, லாரி விவரம் எல்லாம் மெயிலில்தான். சொந்த டொமைன் பெயரில் ஒரு முகவரி. தண்டர்பேர்டு என்ற மெயில் சாஃப்ட்வேரில், பழைய பாப் முறையில் கம்ப்யூட்டருக்கு இறக்கிப் படிப்பார்கள். சர்வரில் கொடுத்த இடம் குறைவு என்பதால், இறக்கியதும் அங்கே அழிந்துவிடும்படி வைத்திருந்தார்கள். இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முந்திரித் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், முன்பின் தெரியாத கம்பெனி பெயரில் “பர்ச்சேஸ் ஆர்டர்” என்று ஜிப் ஃபைல் வந்துகொண்டே இருக்கும். உள்ளே பிடிஎஃப் வேஷம் கட்டிய இஎக்ஸ்இ, அதாவது திறந்ததும் ஓடும் புரோகிராம். அப்படி ஒன்றை ஆபீஸில் யாரோ திறந்து, டேலி டேட்டா மொத்தமும் பூட்டிக்கொண்டது. பென்டிரைவில் பேக்கப் இருந்ததால் தப்பித்தார்கள். அதைச் சரிசெய்ய வந்த கடைதான் சாண்ட்பாக்ஸ் கதையை ஆரம்பித்தது.

வந்த தம்பி நன்றாகத்தான் பேசியிருக்கிறார். “சார், இனிமே மெயிலும் பிரவுசரும் ஒரு பெட்டிக்குள்ளதான் ஓடும். என்ன வைரஸ் வந்தாலும் அந்தப் பெட்டியோட போயிடும். நீங்க மூடினா தானா காலி ஆயிடும்.” இரண்டு கம்ப்யூட்டருக்குச் சேர்த்து 7,000 ரூபாய். வெள்ளைத் தாளில் பில். ஜிஎஸ்டி எண் கிடையாது. “சாண்ட்பாக்ஸ் லைசென்ஸ், 1 வருடம்” என்று மட்டும் எழுதிக் கையெழுத்து.

போட்டுக் கொடுத்தது சாண்ட்பாக்ஸி. நல்ல சாஃப்ட்வேர்தான், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரோனென் சூர் என்பவர் எழுதி 2004-இல் வெளியிட்டது. 2013-இல் இன்வின்சியா வாங்கியது, அந்தக் கம்பெனியை 2017-இல் சோஃபோஸ் வாங்கியது. சோஃபோஸ் 2019-இல் இதை இலவசமாக்கி, 2020-இல் மூல நிரலையும் திறந்துவிட்டது. இப்போது டேவிட் ஸனாடோஸ் என்பவர் ‘சாண்ட்பாக்ஸி பிளஸ்’ என்று தொடர்கிறார். பிளஸில் சில கூடுதல் வசதிகளுக்கு ஆதரவாளர் சான்றிதழ் என்று பணம் கட்ட வேண்டும். மாமாவின் கம்ப்யூட்டரில் அப்படி எந்தச் சான்றிதழும் ஏற்றப்படவில்லை. ஆக, இல்லாத லைசென்ஸுக்கு வருடச் சந்தா. வந்து போட்டுக் கொடுத்ததற்குக் கூலி என்று கேட்டிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். கூலி வாங்குவது அவர் உரிமை.

பணத்தைவிடப் பெரிய கோளாறு அமைப்பில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள, இது வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும். கணக்கு நோட்டின்மேல் டிரேசிங் தாளை வைத்து எழுதுவது மாதிரி. கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியும். நாம் எழுதுவது மட்டும் தாளோடு நிற்கும். தாளைக் கிழித்தால் நோட்டு பழையபடி இருக்கும். பெட்டிக்குள் ஓடும் புரோகிராம் எதை எழுதினாலும் அது சி டிரைவில் ‘சாண்ட்பாக்ஸ்’ என்ற தனி ஃபோல்டருக்குப் போய்விடும். பெட்டியைக் காலி செய்தால் அந்த ஃபோல்டர் அழியும். பிரவுசருக்கு இது அருமையான ஏற்பாடு. மெயிலுக்கு இதையே அப்படியே போட்டால் என்ன ஆகும்?

மாமா ஆபீஸில் அதுதான் ஆனது. காலையில் தண்டர்பேர்டு பெட்டிக்குள் திறக்கும். புது மெயில் இறங்கும், சர்வரில் அழியும். இறங்கிய மெயில் இருப்பது டிரேசிங் தாளில். சாயங்காலம் மூடியதும் பெட்டி தானாகக் காலி. மறுநாள் திறந்தால் அன்றைய மெயில் எங்குமே இல்லை, இவர்கள் அனுப்பிய பதில்களும் இல்லை. அச்செடுத்து வைத்தது மட்டும் மிச்சம்.

இது உடனே பிடிபடவில்லை. கணக்கு பார்க்கும் அக்கா “நேத்து பார்த்தேனே சார், இப்ப காணோமே” என்று சொன்னபோது, மாமா அவரைத்தான் திட்டியிருக்கிறார். கைதவறி டெலிட் செய்துவிட்டுச் சாக்குச் சொல்கிறார் என்று நினைப்பு. டெல்லி வியாபாரி ஒருவர் முதலில் டபிள்யூ 240 என்ற தரத்துப் பருப்பைக் கேட்டுவிட்டு, பிறகு அதை 320 ஆக மாற்றி மெயில் போட்டிருந்தார். அக்கா அதைப் படித்துவிட்டு, காலையில் மாமாவிடம் சொல்லலாம் என்று விட்டார். காலையில் மெயில் இல்லை. இல்லாத மெயிலை எப்படிக் காட்டுவது? லாரி 240-ஐ ஏற்றிக்கொண்டு போனது. பருப்புப் பெரிசு, விலையும் கூட. “320 விலைதான் தருவேன், இல்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்” என்று அவர் நின்றார். மாமா விலையைக் குறைத்துக்கொண்டார். அந்த வித்தியாசத்தில் நல்ல கம்ப்யூட்டரே ஒன்று வாங்கியிருக்கலாம். அக்காவிடம் பிறகு மன்னிப்புக் கேட்டார் என்று கேள்வி. நான் இருந்து பார்க்கவில்லை.

மெயிலைக் காணோம் என்று கடைக்குப் போன் செய்ததும் அதே தம்பி வந்தார். விசிட் சார்ஜ் 500. “செட்டிங்ஸ்ல சின்ன ப்ராப்ளம் சார்” என்று சரிசெய்துவிட்டுப் போனார். அதன்பிறகு மெயில் காணாமல் போகவே இல்லை. எல்லாருக்கும் திருப்தி.

நான் பாண்டியில் ஒரு கம்பெனியில் சிஸ்டம் வேலை பார்ப்பவன். ஒரு விசேஷத்துக்குக் கடலூர் போனபோது மாமா, “மாப்ள, குரோம் தொறந்தா மேல மஞ்சளா ஏதோ வருது, பாரேன்” என்றார். நோ-சாண்ட்பாக்ஸ் என்ற கட்டளையோடு குரோம் ஓடுகிறது, பாதுகாப்பு குறையும் என்ற எச்சரிக்கை அது. குரோமுக்கு 2008-இல் பிறந்த நாளிலிருந்தே உள்ளுக்குள் ஒரு சாண்ட்பாக்ஸ் உண்டு. இணையப் பக்கம் ஒன்றில் கோளாறு இருந்தால் அது கம்ப்யூட்டருக்குள் தாவாமல் தடுப்பது அதுதான். வெளிப் பெட்டிக்குள் குரோம் ஏதோ முரண்டு பிடித்திருக்கிறது. காரணத்தைத் தேடாமல், ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில் இந்த வரியைச் சேர்த்துவிட்டார் தம்பி. சாண்ட்பாக்ஸுக்குக் காசு வாங்கியவர், கூடவே வந்த சாண்ட்பாக்ஸை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சரி, வெளிப் பெட்டியாவது ஒழுங்காக இருக்கிறதா என்று அதன் அமைப்பைத் திறந்தேன். ரிசோர்ஸ் ஆக்சஸ் பகுதியில் சி டிரைவ் முழுவதும் ‘ஓப்பன் ஃபார் ஆல்’. இதுதான் அந்த 500 ரூபாய்ச் சரிசெய்தல். வெறும் ‘ஓப்பன்’ என்பது, ஏற்கெனவே கம்ப்யூட்டரில் நிறுவியிருக்கும் புரோகிராம்களுக்கு மட்டும் அந்த இடத்தில் நேரடியாக எழுத அனுமதி கொடுப்பது. ‘ஓப்பன் ஃபார் ஆல்’ என்றால், பெட்டிக்குள் இறங்கி ஓடும் வைரஸுக்கும் அதே அனுமதி. மெயில் ஏன் காணாமல் போகவில்லை என்று இப்போது புரிகிறதல்லவா? எதுவுமே பெட்டிக்குள் நிற்கவில்லை. ஜன்னலைச் சுற்றி மஞ்சள் கோடு மட்டும் வழக்கம்போல வருகிறது. மாமா அந்தக் கோட்டை நம்பி, தெரியாத அட்டாச்மென்டையெல்லாம் முன்னைவிடத் தைரியமாகத் திறந்துகொண்டிருந்தார். சாண்ட்பாக்ஸே இல்லாத கம்ப்யூட்டர் இதைவிடப் பத்திரம் என்பேன். அதிலாவது மனிதருக்குப் பயம் இருந்தது.

இன்னொன்று, தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் சாஃப்ட்வேர் ஒன்றும் போடப்பட்டிருந்தது, இந்தப் பக்கம் யாரும் அனுமதி கொடுக்காமலேயே உள்ளே வரும்படி கடைக்காரரின் பாஸ்வேர்டோடு. பில்லில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாமா நெட் பேங்கிங் செய்வது அதே கம்ப்யூட்டரில். அன்றே அதை நீக்கி, எல்லாப் பாஸ்வேர்டையும் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றினோம். பணம் எதுவும் போகவில்லை. போயிருந்தால் முதல் வேலை சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்வது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.

உங்கள் கம்ப்யூட்டரிலும் இப்படி யாராவது போட்டுக் கொடுத்திருந்தால், சோதிப்பது சுலபம். நோட்பேடைப் பெட்டிக்குள் திறந்து, எதையாவது தட்டி, டெஸ்க்டாப்பில் சேமியுங்கள். வெளியே எடுத்து வைக்கவா என்று ஒரு ஜன்னல் கேட்டால் வேண்டாம் என்று மூடிவிடுங்கள். இப்போது உண்மையான டெஸ்க்டாப்பில் அந்த ஃபைல் இருக்கக் கூடாது. இருந்தால் உங்கள் பெட்டிக்கு அடிப்பக்கம் கிடையாது. குரோம் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில், இஎக்ஸ்இக்குப் பிறகு ஏதாவது வால் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாமாவுக்கு நான் மாற்றி வைத்தது இதுதான். பிரவுசருக்கு ஒரு பெட்டி, மெயிலுக்குத் தனியாக ஒன்று. பிரவுசர் பெட்டி மூடியதும் காலியாகலாம். புக்மார்க் மட்டும் தங்கும்படி அதற்கான டெம்ப்ளேட்டை டிக் செய்தால் போதும். மெயில் பெட்டியில் தானாக அழிவதை நிறுத்திவிட்டேன். தண்டர்பேர்டுக்கும் ஆயத்த டெம்ப்ளேட் உண்டு. மெயில் சேரும் ஃபோல்டருக்கு மட்டும் அது வழி விடுகிறது. அட்டாச்மென்டைத் திறந்தால் அது பெட்டிக்குள்தான் ஓடும். சர்வரில் இரண்டு வாரம் பிரதி இருக்கும்படியும் தண்டர்பேர்டில் மாற்றியாயிற்று, அதற்காகக் கொஞ்சம் இடம் கூடுதலாக வாங்கினோம். இரண்டு பெட்டியிலும் அட்மின் உரிமையைப் பறித்துவிட்டேன்.

பலரும் கவனிக்காத ஒன்று, டிரேசிங் தாளுக்குக் கீழே இருப்பது தெரியும் என்றேனே, அது. வழக்கமான அமைப்பில் பெட்டிக்குள் இருக்கும் புரோகிராம் உங்கள் ஃபைல்களில் பெரும்பாலானவற்றைப் படிக்கலாம். மாற்ற முடியாது, அவ்வளவுதான். படித்ததை இணையத்தில் வெளியே அனுப்பிவிட்டால் பெட்டியைக் காலி செய்து என்ன பயன்? அதனால் டேலி ஃபோல்டர், ஆதார், பான் ஸ்கேன்கள் இருக்கும் ஃபோல்டர் இரண்டையும் ‘குளோஸ்டு’ பட்டியலில் போட்டேன். மெயில் பெட்டியில் தண்டர்பேர்டுக்கு மட்டும் இணைய அனுமதி. வேறு எது கிளம்பினாலும் வெளியே பேச முடியாது.

விண்டோஸிலேயே ஒரு சாண்ட்பாக்ஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 2019-இல் வந்தது, உண்மைதான். ஆனால் ஹோம் பதிப்பில் கிடையாது, ப்ரோ வேண்டும். மூடினால் எல்லாமே போய்விடும் என்பதால், சந்தேகமான ஒரு ஃபைலைத் திறந்து பார்க்கச் சரி, தினசரி மெயிலுக்குச் சரிப்படாது. எந்தப் பெட்டி போட்டாலும், “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்” என்று வரும் போலி மெயிலை அது தடுக்காது. அதற்கு வியாபாரிக்கே ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டும்.

கடைக்குப் போய்க் கேட்டோம். “அது ஃப்ரீதான் சார், நாங்க வாங்கினது சர்வீஸ் சார்ஜ்” என்றார் முதலாளி. பில்லைக் காட்டினோம். “பையன் தெரியாம எழுதிட்டான்.” அடுத்த வருடச் சந்தாவில் பாதி கழித்துத் தருவதாகவும் சொன்னார்! மாமா 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறார். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்குள்ளான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. வெள்ளைத் தாள் பில்லானாலும் கிழித்துப் போடாதீர்கள், எங்களிடம் இருக்கும் சாட்சி அதுதான்.

உங்களுக்கும் இதே மாதிரி மெயில் மறைகிறது என்றால், கடைக்குப் போன் செய்யும் முன் ஒரு வேலை இருக்கிறது. தண்டர்பேர்டை மூடாதீர்கள், மூடியதும் பெட்டி காலியாகிவிடும். முதலில் பெட்டியின் அமைப்பில் தானாக அழிவதை நிறுத்துங்கள். அதன்பிறகு தண்டர்பேர்டை மூடிவிட்டு, சி டிரைவில் இருக்கும் அந்த சாண்ட்பாக்ஸ் ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவுக்கு நகல் எடுங்கள். அன்றைய மெயில் அதற்குள்தான் இருக்கும்.