ஆறு கருவிகளின் வேலைக்கு ஒரு கீபோர்டு: புரோகிரஸிவ் ராக் வாசிப்பவரின் பார்வையில்

புரோகிரஸிவ் ராக், அதாவது தாளமும் ஒலியும் அடிக்கடி மாறும் நீண்ட ராக் பாடல்களை மேடையில் வாசிப்பதற்காகச் சின்தசைசர் கீபோர்டு வாங்கப் போகிறவர், அதில் எத்தனை ஆயிரம் ஒலிகள் இருக்கின்றன என்பதைத்தான் முதலில் பார்க்கிறார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் கீபோர்டின் பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிகள் இருந்தன. ஒத்திகைகளில் நான் பயன்படுத்தியவை பத்தைத் தாண்டவில்லை. அந்தப் பத்துக்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதெல்லாம், விரல் பிடித்திருந்த கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் சில சுரங்கள்) கத்தரித்த நூல்போல் அறுந்துவிடும். ஒரு நிகழ்ச்சியில் ஆர்கனிலிருந்து, நாடாவில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் மெலோட்ரானுக்குத் தாவிய இடத்தில் அரை நொடி மௌனம் விழ, டிரம்ஸ் வாசிப்பவர் பாட்டு முடிந்துவிட்டதென்றே நினைத்துக் குச்சியைத் தாழ்த்திவிட்டார். கருவியின் பெயர் வேண்டாம். அந்தக் காலத்தில் அதன் விலையில் கிடைத்த பெரும்பாலானவை அப்படித்தான் இருந்தன.

அதன் பிறகு எந்தக் கீபோர்டையும் ஒரே பாட்டைக் கொண்டுதான் உரசிப் பார்க்கிறேன்: ஜெனிசிஸ் குழு 1973-இல் வெளியிட்ட ‘ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்’. ஏறத்தாழ ஒன்பதரை நிமிடத்துக்குள் அந்தக் குழுவின் கீபோர்டுக்காரர் டோனி பேங்க்ஸ் வாசிப்பவற்றை எண்ணிப் பாருங்கள். 13/16, 15/16 என்று தாள அளவு மாறிக்கொண்டே போகும் பியானோ முன்னிசை, பாடலுக்குப் பின்னால் ஆர்கன், முன்னிசையின் மெட்டையே நடுவில் திரும்ப எடுத்து வாசிக்கும் ஆர்ப் சின்தசைசர், கிட்டார் தனிவாசிப்புக்கு அடியில் விரியும் மெலோட்ரான் வயலின்கள், முடிவில் மறுபடியும் பியானோ. குழுவில் புல்லாங்குழல் வாசிப்பவர் இல்லையென்றால் அந்தப் பகுதியும் கீபோர்டுக்காரர் தலையில்தான் விழும். எங்கள் குழுவில் விழுந்தது. மூலக் கலைஞர் தம்மைச் சுற்றி அடுக்கியிருந்த தனித்தனிக் கருவிகளை நாம் ஒரே பலகையில் வாசிக்கிறோம். ஆகவே வாங்கப் போகும் கருவி எவ்வளவு நன்றாக ஒலிக்கிறது என்பதோடு, பல கருவிகளாகத் தன்னைப் பிரித்துக்கொள்ள அதற்கு எவ்வளவு தெரியும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

முதலில் ஆர்கன், ஏனென்றால் பெரும்பாலான கீபோர்டுகள் தோற்பது இங்கேதான். ஹாமண்ட் பி-3 ஆர்கனுக்குள் 91 டோன்வீல்கள் (ஒலியைப் பிறப்பிக்கும் சக்கரங்கள்) சுழல்கின்றன. அவற்றிலிருந்து பிறக்கும் ஒலியை ஒன்பது டிராபார்களை (ஒலியின் பாகங்களைக் கூட்டிக் குறைக்கும் இழுபட்டைகளை) இழுத்தும் தள்ளியும் வாசிப்பவரே கலந்துகொள்கிறார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே இடக்கை ஒரு டிராபாரை மெல்ல இழுத்து ஒலியைத் திறப்பது இந்த இசையின் உயிரான அசைவுகளில் ஒன்று. அதைத் திரையைத் தொட்டோ, பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தியோ செய்ய முடியாது. அடுத்து பெர்கஷன், அதாவது சுரத்தின் தொடக்கத்தில் கேட்கும் ‘டிக்’: முதல் மூன்று டிராபார்களை முழுக்க இழுத்து, மூன்றாம் ஹார்மானிக் பெர்கஷனைப் போட்டு வாசியுங்கள். அசல் கருவியில் அந்த ‘டிக்’ ஒலி, எல்லாக் கட்டைகளையும் விட்டுவிட்டு அடுத்து அழுத்தும் சுரத்துக்குத்தான் வரும். விரல்களை ஒட்டி நகர்த்தி வாசித்தால் வராது. பெர்கஷன் ஓடும்போது ஒன்பதாவது டிராபார் ஊமையாகிவிடும் என்பதும் அந்தக் கருவியின் குணம். ஒவ்வொரு சுரத்துக்கும் ‘டிக்’ கேட்டால், உள்ளே இருப்பது பதிவு செய்த ஒலித்துண்டு மட்டுமே, ஆர்கனின் இயக்கம் இல்லை என்று முடிவு கட்டிவிடலாம்.

ஆர்கன் ஒலியைச் சுழற்றித் தரும் லெஸ்லி ஸ்பீக்கரின் போலியையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அசல் பெட்டியில் மேலே ஒரு கொம்பும் கீழே ஓர் உருளையும் சுழல்கின்றன. வேகத்தைக் கூட்டினால் கொம்பு சட்டென்று விரைந்துவிடும். கனமான உருளை தன் போக்கில், சில நொடிகள் கழித்துத்தான் வந்து சேரும். அந்த இடைவெளியில் ஒலி புரண்டு எழுவதைத்தான் நாம் லெஸ்லி என்று அடையாளம் காண்கிறோம். இரண்டும் ஒன்றாக வேகமெடுக்கும் கருவியில் அது வெறும் நடுக்கமாகவே கேட்கும். இந்த வேகமாற்றத்தைக் காலால் செய்ய ஒரு சுவிட்ச் இணைக்க முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரு கைகளும் வேலையாக இருக்கும் நேரத்தில்தான் அது தேவைப்படும்.

மெலோட்ரான் வேறொரு விநோதம். 1970-இல் வந்த எம்400 மாதிரியில் 35 கட்டைகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு காந்த நாடா. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், சுமார் 8 நொடியில் தீர்ந்துபோகும், விரலை எடுத்ததும் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். அதனால் அந்தக் காலத்து வாசிப்பில் நீண்ட கார்ட் என்பதே, விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் புதுப்பித்துக்கொண்டே போவதாக இருந்தது. இன்றைய கீபோர்டுகளில் பெரும்பாலானவை இந்த ஒலியை முடிவில்லாமல் சுற்றவிடுகின்றன. வசதிதான், ஆனால் ஒலி உறைந்துபோன உணர்வு வந்துவிடுகிறது. எந்தக் கருவியாக இருந்தாலும் பழைய வாசிப்பு முறையையே பின்பற்றுங்கள் என்பேன். பாதி மெலோட்ரான் விரலில்தான் இருக்கிறது.

ஹாமண்ட், மெலோட்ரான், மினிமூக் என்ற சின்தசைசர் மூன்றுக்குமே மென்மையாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே அளவு ஒலிதான். இன்றைய கீபோர்டு தயாரிப்பாளர்கள் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும்படி எல்லாவற்றையும் அமைத்துத் தருகிறார்கள். அப்படியே வாசித்தால் சின்தசைசர் தனிவாசிப்பில் சில சுரங்கள் எட்டிப் பார்க்கும், சில பதுங்கிக்கொள்ளும். பியானோ தவிர மற்றவற்றுக்கு அந்த வசதியை அணைக்க முடிகிறதா, அதுவும் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக முடிகிறதா என்பதை விற்பனையாளரிடம் கேட்காமல் நீங்களே மெனுவைத் திறந்து பாருங்கள்.

தனிவாசிப்புக்கான ஒற்றைச் சுர சின்தசைசர் பற்றிச் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று உண்டு. 1970-இல் வந்த மினிமூக்கில் 44 கட்டைகளும் மூன்று ஆஸிலேட்டர்களும் (ஒலியைப் பிறப்பிக்கும் சுற்றுகள்). ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். இரண்டு கட்டைகளை ஒன்றாகப் பிடித்தால் தாழ்ந்த சுரத்துக்கே முன்னுரிமை. அந்தக் காலத் தனிவாசிப்புகளில் வரும் மின்னல்வேக உதறல்கள் சில, மேல்சுரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு கீழ்ச்சுரத்தைத் தட்டித் தட்டி எடுக்கப்பட்டவை. உயர்ந்த சுரத்துக்கு முன்னுரிமை தரும் கருவியில் அதே விரலசைவு வேறொன்றாகக் கேட்கும். கோர்க் கருவிகளில் ஒலியை உருவாக்கும் எஞ்சின்களில் ஒன்றான ஏஎல்-1-இல் தாழ்சுரம், உயர்சுரம், கடைசிச் சுரம் என்று இதைத் தேர்ந்துகொள்ள முடிகிறது. சிறு விஷயம்தான், ஆனால் வாரக்கணக்கில் ஓர் உதறலோடு மல்லுக்கட்டியவருக்கு அது சிறிதாகத் தோன்றாது.

கட்டைகளின் வகையில் சமரசம் தவிர்க்க முடியாதது. பியானோவைப்போல் கனக்கும் சுத்தியல் வகைக் கட்டையில் முன்னிசை அருமையாக வரும். அதே பலகையில் உள்ளங்கையை வைத்து ஆர்கன் சறுக்கலை இழுத்தால், முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை விளிம்புகள் தோலைப் பதம்பார்த்துவிடும். என் இரண்டாவது கீபோர்டு அந்த வகை. நிகழ்ச்சி முடிந்து பார்த்தால் உள்ளங்கை ஓரத்தில் வரிசையாகச் சிவப்புக் கோடுகள் இருக்கும். விளிம்பு மழுங்கிய, பாதி எடையுள்ள வாட்டர்ஃபால் கட்டைகளில் ஆர்கனும் சின்தசைசரும் சுகமாக வரும். பியானோவைச் சற்றே அடக்கி வாசிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். ஒரே கருவிதான் என்றால் இரண்டாவதையே எடுப்பேன். கட்டைகளின் எண்ணிக்கை 73 இருக்கட்டும். 61 கட்டைகளை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு கைக்கும் இரண்டரை ஸ்தாயி மட்டுமே மிஞ்சும், பியானோவுக்கு அது போதவே போதாது.

இனிக் கருவிகள். நார்ட் ஸ்டேஜ் 4 காம்பாக்ட், மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றைத் தாண்டி வருகிறது: 73 வாட்டர்ஃபால் கட்டைகள், கையால் இழுக்கும் அசல் டிராபார்கள், ஆர்கனுக்கும் பியானோவுக்கும் இரண்டிரண்டு அடுக்குகள், சின்தசைசருக்கு மூன்று, ஒலி மாறும்போது முந்தைய ஒலி அறுபடாத ஏற்பாடு. நார்டின் ஒலிக் களஞ்சியத்தில் அசல் மெலோட்ரான் நாடாக்களின் ஒலிகள் உரிமம் பெற்றுத் தரப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பொத்தான்களும் குமிழ்களும் மேற்பரப்பிலேயே இருப்பதால், பாட்டின் நடுவில் மெனுவுக்குள் தொலைந்துபோகும் பேச்சுக்கே இடமில்லை. எடை ஏறத்தாழ 10 கிலோ. குறை என்றால் விலைதான். இந்த வரிசையில் மிகவும் கசக்கும் விலை இதற்கே.

அதன் தம்பியான எலெக்ட்ரோ 6டி-யும் ஆர்கனில் அண்ணனுக்குச் சளைத்ததல்ல. ஆனால் அதில் சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டும் கிடையாது, சுரத்தை அதிரவைக்கும் மாடுலேஷன் வீலும் கிடையாது. சுரத்தை வளைக்காமல் புரோகிரஸிவ் ராக் தனிவாசிப்பை நினைத்துப் பார்க்கவே முடியாது என்பதால், இதை மட்டும் வாங்குவது பாதிக் கிணறு தாண்டுவதாகும். மேலே ஒரு சிறிய ஒற்றைச் சுர சின்தசைசரை வைத்துவிட்டால் கதையே மாறிவிடுகிறது. அசல் ஆஸிலேட்டர்களின் தடிப்பும் கிடைக்கும், இரண்டும் சேர்ந்தே பெரும்பாலும் ஸ்டேஜைவிட விலை குறைவாக முடியும். ஹாமண்டின் எஸ்கே புரோ வரிசையில் ஆர்கன், பியானோ, குழு ஒலிகள், ஒற்றைச் சுர சின்தசைசர் என நான்கு பகுதிகளை ஒரே பலகைக்குள் வைத்திருக்கிறார்கள். ஆர்கனே பிரதானமாக இருக்கும் பாடல் பட்டியலுக்கு இதைப் பரிசீலிக்காமல் விடக்கூடாது.

பல வகை ஒலிகளும் பதிவு வசதியும் ஒன்றாக உள்ள வொர்க்ஸ்டேஷன் வகையில் கோர்க் க்ரோனோஸ் 2011-இல் வந்தபோது ஒன்பது ஒலி எஞ்சின்களோடு வந்தது. அவற்றுள் ஒன்று தனி ஆர்கன் எஞ்சின். டிராபார்களாகப் பயன்படும் ஸ்லைடர்களும் அதில் உண்டு. பயன்படுத்தியதாகக் கிடைத்தால் இன்றும் வாங்கத்தக்கது. ஆனால் மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்டினால் அது மறுபடி எழுந்து தயாராகச் சுமார் இரண்டு நிமிடம் ஆகும் என்பதை மேடையில் மறந்துவிட முடியாது. அதன் வழிவந்த நாட்டிலஸில் எஞ்சின்கள் அப்படியே இருக்க, ஸ்லைடர்களை எடுத்துவிட்டார்கள். ஆர்கன் வாசிப்பவருக்கு இந்த முடிவு ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ரோலண்ட் ஃபேண்டம் வரிசையில் டோன்வீல் ஆர்கன் இருக்கிறது, 16 பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளவும் முடியும்; ஸ்லைடர்கள் மட்டும் எட்டு, டிராபாரோ ஒன்பது. யமஹா மோட்எக்ஸ் எடை குறைவானது, 76 கட்டை மாதிரி 8 கிலோவுக்கும் கீழ். ஓர் அலையால் இன்னோர் அலையை மாற்றி ஒலி உண்டாக்கும், எட்டு ஆபரேட்டர்கள் (அலை பிறப்பிப்பவை) கொண்ட அதன் எஃப்எம் எஞ்சின், எண்பதுகளில் புரோகிரஸிவ் ராக்கைப் புதுப்பித்த நியோ-புரோக் பாடல்களுக்கு வெகு பொருத்தம். ஆனால் அதில் ஒலி அறுபடாமல் மாறுவது நான்கு பகுதிகளுக்குள் அடங்கும் அமைப்புகளில்தான். ஐந்தாவதைச் சேர்த்தால் மறுபடியும் என் டிரம்ஸ்காரரின் தாழ்ந்த குச்சிதான். தவிர, டோன்வீல் ஆர்கனுக்கென்று தனி எஞ்சின் அதில் இல்லை.

குர்ஸ்வைல் பிசி4 பலர் கவனிக்காமல் கடந்துபோகும் கருவி. ஒன்பது ஸ்லைடர்களும் டிராபார்களாக வேலை செய்கின்றன. கேபி3 என்ற ஆர்கன் எஞ்சின் பல ஆண்டுகளாகச் செதுக்கப்பட்டது. ஒலியின் அமைப்பைக் கட்டுமானம் முதல் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. பதிலுக்கு, அதன் மெனுக்களோடு சில மாதங்கள் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும். அந்தப் பொறுமை உள்ளவர்களுக்கு இதைவிட அதிகம் தரும் கருவி அந்த விலையில் எனக்குத் தெரிந்து இல்லை.

என் தேர்வு கடைசியில் இரண்டு அடுக்காக முடிந்தது: கீழே டிராபார் உள்ள 73 கட்டைக் கருவி, மேலே ஒற்றைச் சுர சின்தசைசர். ஒரே கருவிதான் தூக்க முடியும் என்றால் ஸ்டேஜ் காம்பாக்ட். அதன் விலை எட்டவில்லை என்றால், கனத்த கட்டைகள் பரவாயில்லை என்பவருக்குப் பிசி4. ராக் குழுவின் சத்தத்துக்குள் எல்லாப் பியானோக்களும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் கேட்கின்றன, ஆகவே பியானோ ஒலியின் நுணுக்கங்களை ஒப்பிட்டு இரவுகளைச் செலவிட வேண்டாம்.

கடைக்குப் போகும்போது ஹெட்ஃபோனோடு, வீட்டில் இருக்கும் பெடல்களையும் எடுத்துச் செல்லுங்கள். காலால் ஒலியளவை மாற்றும் எக்ஸ்பிரஷன் பெடலின் உள் இணைப்பு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுகிறது. ஒரு கருவியில் ஒழுங்காக வேலை செய்த பெடல், இன்னொன்றில் இணைப்பு பொருந்தாமல் முதல் அங்குலத்திலேயே முழு ஒலிக்குத் தாவிவிடக்கூடும். சில கருவிகளில் இதை மெனுவில் மாற்றிக்கொள்ளலாம், சில பெடல்களின் அடியிலேயே அதற்கான சுவிட்ச் இருக்கும். இரண்டும் இல்லையென்றால் பெடலுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆர்கனின் ஒலியளவை ஏற்றி இறக்குவதற்கு அதை விட்டால் வேறு வழியில்லை.