அலுமினிய எஞ்சின் கசிகிறதா? "மாற்றித்தான் ஆகணும்" என்றதும் தலையாட்டிவிடாதீர்கள்

ஒரு ஒர்க்‌ஷாப்பில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது, எஞ்சினுக்கு அடியில் ஈரம் தெரிகிறது என்று வண்டியை விடப் போகிறவர்கள் அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் காரில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக், அதன் மேல் உட்காரும் ஹெட் இரண்டுமே அலுமினியம். கூலன்ட் தொட்டியில் அளவு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. டெம்பரேச்சர் முள் ஒருபோதும் ஏறவில்லை. கூலன்ட் எஞ்சினுக்குள்ளேயே கசிந்தால் வரும் வெள்ளைப் புகை இல்லை, ஆயில் நிறமும் மாறவில்லை. எஞ்சினின் ஒரு பக்கச் சுவர் மட்டும் அடிவரை நனைந்திருந்தது. வண்டியை விட்ட மறுநாளே போன் வந்தது: "பிளாக்கில் விரிசல் சார். ஹெட்டைக் கழற்றி மேக்னட் பவுடர் போட்டுப் பார்த்தோம், கோடு தெளிவாத் தெரியுது. அலுமினியத்தில் வெல்டிங் நிற்காது. எங்ககிட்டயே ஒரு செகண்ட்ஹேண்ட் எஞ்சின் இருக்கு. பழையதை இங்கேயே விட்டுடுங்க, விலையில் கழிச்சுக்கலாம்."

அந்தப் பேச்சில் முதலில் உறுத்தியது மேக்னட்தான். காந்தத் தூள் சோதனை வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு உரியது. இரும்பைக் காந்தமாக்கினால் விரிசல் இருக்கும் இடத்தில் தூள் கோடாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. அந்தச் சோதனை அதில் நடக்கவே நடக்காது. அலுமினியத்தில் விரிசல் தேட வேறு வழிகள் உண்டு. சாயத்தைப் பூசித் துடைத்துவிட்டு, அதன் மேல் வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசலுக்குள் போன சாயம் மேலே ஊறி வரும். அல்லது துளைகளை அடைத்து உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, வெந்நீரில் முக்கிக் குமிழி பார்ப்பார்கள்.

போட்டோ கேட்டேன், எடுக்கவில்லை என்றார்கள். நேரில் வந்து பார்க்கிறேன் என்றேன், ஹெட்டைத் திரும்ப மாட்டிவிட்டோம் என்றார்கள். ஹெட்டைக் கழற்றினால், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டாக வேண்டும். பல எஞ்சின்களில் ஹெட் போல்ட்டுகளையும் மாற்றியாக வேண்டும். கையில் வந்த பில்லில் கேஸ்கெட்டும் இல்லை, போல்ட்டும் இல்லை. "சோதனைக் கட்டணம்" என்று ஒரு பெரிய தொகையும், கூலன்டில் ஊற்றும் ஏதோ ஒரு பாட்டிலும்தான் இருந்தன. அதைக் கட்டினால்தான் சாவி என்றார்கள். கட்டிவிட்டு, வண்டியை டோ செய்து வேறு இடத்துக்குக் கொண்டுபோனேன்.

இரண்டாவது மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் டார்ச் அடித்துக் காட்டியது, ஹெட்டின் மேல் மூடியான ராக்கர் கவரின் போல்ட்டுகளை. அவற்றின் மேல் படிந்திருந்த அழுக்கு அப்படியே இருந்தது. ஒன்றில்கூட ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. அந்தக் கவரைக் கழற்றாமல் ஹெட்டைத் தூக்கவே முடியாது.

அப்புறம் எஞ்சினைக் கழுவிக் காயவிட்டு, ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருந்த அளவுக்கு அழுத்தம் ஏற்றினார். பெரும்பாலான கார்களில் இது 1 பாரை ஒட்டித்தான் இருக்கும். சில நிமிடங்களில் இடம் தெரிந்துவிட்டது. வாட்டர் பம்பில், தண்ணீரைத் தடுக்கும் சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு சிறு துளை உண்டு. சீல் தேய்ந்தால் வெளியே தெரியட்டும் என்றே வைக்கப்பட்ட துளை அது. அதிலிருந்து கூலன்ட் கசிந்து, டைமிங் கவரின் ஓரமாகப் பிளாக்கின் மேல் வழிந்துகொண்டிருந்தது. பிளாக் முழுசாக, நன்றாக இருந்தது.

ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம் என்று கூலன்டின் மேல் இருக்கும் காற்றை ஒரு நீலத் திரவத்துக்குள் இழுத்துப் பார்க்கும் சோதனையும் செய்தார். எரிந்த வாயு கூலன்டுக்குள் போனால் அந்த நீலம் மஞ்சளாகும். மாறவில்லை. இந்த இரண்டு சோதனைக்கும் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதே இல்லை. இதைக்கூடச் செய்யாமல் எஞ்சினைத் தூக்கி எறியச் சொல்கிறவரிடம் தயவுசெய்து வண்டியை ஒப்படைக்காதீர்கள்.

பம்பை மாற்றியதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை அது. முடியவில்லை. பில்லில் இருந்த பாட்டில் கசிவை அடைக்கும் ஸ்டாப் லீக். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஊற்றியிருக்கிறார்கள். அது, காருக்குள் சூடான காற்றைத் தரும் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொண்டது. ரேடியேட்டரை அலசிச் சரிசெய்ய முடிந்தது, ஹீட்டர் கோரை மாற்ற வேண்டியதாயிற்று. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இதற்குத்தான். பொய் சொன்னதோடு நிற்காமல் நன்றாக இருந்ததையும் கெடுத்திருக்கிறார்கள்.

"அலுமினியத்தில் வெல்டிங் நிற்காது" என்பதும் முழு உண்மை இல்லை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேல் இருக்கும் ஆக்சைடு படலம் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆயில் ஊறிய வார்ப்பு என்றால் இன்னும் கஷ்டம். அதனால் கண்ட இடத்தில் கொடுக்கக் கூடாதே தவிர, ஆர்கான் வெல்டிங் தெரிந்தவர்கள் ஹெட் விரிசலை அடைத்து, முகத்தை மறுபடி மட்டமாகக் கடைந்து தருகிறார்கள். போல்ட் துளையில் மரை போயிருந்தால் உள்ளே எஃகுச் சுருள் போட்டுச் சரிசெய்யலாம். ஆயில் பேன், ராக்கர் கவர் கசிவெல்லாம் பெரும்பாலும் சாதாரண கேஸ்கெட் வேலை.

எஞ்சினை மாற்றுவதே சரி என்கிற நிலையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். சிலிண்டர் சுவரிலோ கிராங்க் பேரிங் உட்காரும் இடத்திலோ விரிசல் விட்டால் அந்த பிளாக்கை நான் நம்ப மாட்டேன். கடுமையாகச் சூடேறிய பிறகும் ஓட்டப்பட்ட எஞ்சினும் அப்படித்தான். அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும், அந்தச் சூட்டில் ஹெட் வளைந்துவிடும். நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகடுகளால் இடைவெளியை அளந்து, கம்பெனி கையேட்டில் இருக்கும் அளவோடு ஒப்பிட வேண்டும். பல எஞ்சின்களில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளைவே அதிகம். கடைந்தெடுக்க இடமில்லாத அளவு வளைந்திருந்தால் ஹெட்டை மட்டும் மாற்றலாமா என்று முதலில் கேளுங்கள். செகண்ட்ஹேண்ட் எஞ்சின் என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) அளவை எழுதித் தரச் சொல்லுங்கள், அதுவும் எங்கேயாவது சூடேறி இறக்கப்பட்டதாக இருக்கலாம்.

பழைய எஞ்சினை ஏன் அவ்வளவு ஆர்வமாகக் கேட்டார்கள் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. பழுதே இல்லாத எஞ்சின் அது. இன்னொரு காரில் ஏற்றி விற்றிருப்பார்கள். இரண்டாவது மெக்கானிக்கிடம் சோதனை முடிவை எழுதி வாங்கி, முதல் பில்லோடு சேர்த்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். ஹீட்டர் கோரின் விலையையும் அவர்களிடமே கேட்டிருக்கிறேன். கழற்றிய பம்பையும் அடைத்துப்போன ஹீட்டர் கோரையும் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்தால் கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.